ஆனி மாதத்து மழை

அத்தியாயம் ஆறு

"நாலு மணிக்குக் கைதிய ஏத்திக்கொண்டு வான் வெளிக்கிடும். அதுக்குப் பிறகு ஞானமணியத் தேடிக்கொண்டு ஒருத்தரும் இந்த வாசலுக்கு வரத் தேவல்ல. கப்டன் அப்பிடித்தான் சொல்லச் சொன்னவர்."

மொழிபெயர்ப்பாளர் அருமைநாயகம் இவ்வாறு அறிவித்துவிட்டு, தாம் அறிவித்த செய்திக்குத் தாமே அஞ்சியவர்போல் நிலத்தை நோக்கினார். இராணுவ முகாம் வாயிலின் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற சிப்பாய், துப்பாக்கியின் முனையைச் சற்றே அசைத்து, வந்தவர்கள் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் காட்டினான். 1998ஆம் ஆண்டு ஆனி மாதத்தின் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி. மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று, மட்டக்களப்பு நகரின் தெருப்புழுதியை வாரி வாரி மனிதரின் கண்களில் எறிந்துகொண்டிருந்தது. அந்நகரம் ஒரு துளி மழையைக் கண்டு பல வாரங்கள் கழிந்திருந்தன.

சீனிப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளை வேலியோரம் சாய்த்து நிறுத்தினான். இருபது ஆண்டுகள் கல்முனைப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன் அவன். போர் அந்தப் பேருந்தை நிறுத்திவிட்டது. அவனது வாயை நிறுத்த அதனால் இயலவில்லை. இப்போது அவன் துப்பறிவாளர் அன்னப்பூரணியின் உதவியாளன்.

"அக்கா, அந்தத் துவக்குக்காரன் உங்களப் பாக்கல்ல, உங்கட குடையத்தான் பாக்கான். ஏதோ புது ஆயுதம் எண்டு நினைக்கான் போல."

அன்னப்பூரணி தம் பெரிய கறுப்புக் குடையை மெதுவாக மடக்கினார். ஐம்பது வயதைக் கடந்த அந்த அம்மையார், ஒரு காலத்தில் காப்புறுதி நிறுவனமொன்றின் விசாரணையாளராக, கவிழ்ந்த தேயிலை லொறிகளைத் தேடி மலைநாடெங்கும் அலைந்தவர்.

"இது ஹட்டனில வாங்கினது, சீனி. ஒரு ஆனி மாசம்."

"ஆனியில குடையா? வித்தவன் கெட்டிக்காரன்."

அன்னப்பூரணி அதற்கு மறுமொழி கூறவில்லை. பதில் தெரிந்த வேளைகளில் வாயை மூடிக்கொள்வது அவரது பழக்கம் என்பதைச் சீனிப்பிள்ளை அறிவான். ஆயினும் அவ்வேளையில் அதனை அவன் நினைவில் கொள்ளாதது பெரும் பிழையாயிற்று.

உள்ளே மின்சாரம் இல்லை. ஓடாத மின்விசிறியின் கீழே, வியர்வையில் நனைந்த சீருடையுடன் கப்டன் அமர்ந்திருந்தார். கோப்பு ஒன்றினால் தமக்குத் தாமே விசிறிக்கொண்டு, சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். அன்னப்பூரணியின் உதடுகளில் ஒரு சிறு புன்னகை தோன்றி மறைந்தது. சீனிப்பிள்ளைக்குத் தெரிந்த சிங்களமோ 'முன்னால் நகருங்கள்', 'சில்லறை தாருங்கள்' என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டுமே.

"என்னவாம்?" என்று அவன் காதருகே கேட்டான்.

"வெக்கையப் பத்தி."

ஞானமணியின் சட்டத்தரணி அவர்களிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தைக் கப்டன் படித்தார். படித்ததும் அதன்மீது தேநீர்க் கோப்பையை வைத்தார். பின்னர் அவர் பேசியதை அருமைநாயகம் தமிழில் கூறினார்.

"கப்டன் சொல்றார்: வீரகத்திட்ட ரெண்டு வெள்ள வான் இரிக்கு. ரெண்டையும் ஓடுறது ரெண்டே பேர், வீரகத்தியும் ஞானமணியும். சனிக்கிழமை விடிய ஒரு வான் ரெண்டு வெள்ளக்கார டொக்டர்மார ஏத்திக்கொண்டு மலைக்குப் போன. ஞாயித்துக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மத்த வான் வவுணதீவுத் துறையடியில பிடிபட்ட. வைக்கலுக்கு அடியில டோர்ச் பற்றரி, இருபத்திரெண்டு பெட்டி. அக்கரையில புலிகள்ட பக்கத்துக்குக் கொண்டுபோகத் தடை செஞ்ச சாமான். ஓடினவன் கண்டல்மரக் காட்டுக்குள்ள பாஞ்சிட்டான்; முகத்த ஒருத்தரும் காணல்ல."

அருமைநாயகம் கப்டனின் அடுத்த வாக்கியங்களையும் கேட்டுத் தொடர்ந்தார்.

"இப்ப ரெண்டு பேரும் 'மலைக்குப் போனது நான்தான்' எண்டு சொல்றாங்க. டொக்டர்மார் நானுஓயாவில ரயில் ஏறி, அப்பிடியே பிளேனும் ஏறிட்டாங்க. சோதனைச் சென்றியில வான் நம்பரையும் ஆக்களிர தொகையையும் மட்டுந்தான் எழுதியிரிக்கு, பேர் இல்ல. வீரகத்தி இந்த முகாமுக்கு வான் தாறவர். ஞானமணி ஆர்?"

அக்கேள்விக்குக் கப்டன் விடை எதனையும் எதிர்பார்க்கவில்லை. ஞானமணியின் வாக்குமூலத்தை மேசைமீது எறிந்தார். ஒரே ஒரு பக்கம், சிங்களத்தில் எழுதப்பட்டது. அன்னப்பூரணி அதனை இருமுறை வாசித்தார். பின்பு, மலைக்குச் சென்றுவந்த வானைப் பார்வையிட ஓர் அனுமதிச்சீட்டு வேண்டுமென்று சிங்களத்திலேயே கேட்டார். கப்டன் ஒரு கணம் வியந்தார். மறுகணம் சீட்டைக் கிறுக்கி விரல்நுனியால் தள்ளினார். நாய்க்கு எலும்பு போடுபவன்கூட இதைவிட மரியாதையாகப் போடுவான் என்று சீனிப்பிள்ளைக்குத் தோன்றிற்று.

வெளியே, வாகை மரத்தின் நிழலில் ஞானமணியின் மனைவி இலட்சுமிப்பிள்ளை காத்திருந்தாள். நேற்றுக் கணவனைக் கைது செய்த வேளையிலிருந்து அவள் அவ்விடத்தைவிட்டு அசையவில்லை. அவர்களைக் கண்டதும் அவளுடைய அழுகை சினமாக மாறிற்று.

"அக்கா, அந்த மனிசனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. ரெண்டு நிமிசம் பாக்க விட்டாங்க. என்ன சொல்றார் தெரியுமா? மலையில மழையாம்! காத்தாம்! பத்தடிக்கு அங்கால கண் தெரியாத பனிப்புகையாம்! ஹோட்டன் சமவெளிப் பூங்கா வாசலுக்குக் கிட்ட மரம் விழுந்து, காவலாளி இவங்களத் திருப்பி விட்டானாம். பொய் சொல்றதெண்டாலும் நம்புற மாதிரிச் சொல்லக்கூடாதா? ஆனி மாசத்தில எங்ககா மழ?"

"நீ அவரிட்ட என்ன சொன்ன?"

"மழைய விடுங்க எண்டு காலப் புடிச்சுக் கேட்டன். 'பெஞ்சது, பெஞ்சது' எண்டு அதையே சொல்லிக்கொண்டு நிக்கார். அந்த மழ அவரக் கொண்டுதான் போகப்போகுது."

சீனிப்பிள்ளை தலையை ஆட்டினான். தன் கட்சிக்காரன் இத்துணை மடையனாக இருப்பான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கச்சான் வீசும் காலத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும்; வயல்வெளி வெடித்துக் கிடக்கும். பிறந்த நாள்முதல் நாற்பத்தாறு ஆனி மாதங்களை அவன் கண்டவன். ஒன்றிலாவது அவன் சட்டை மழையில் நனைந்ததில்லை.

ஆனால் அன்னப்பூரணி, வாசல்வரை கூடவே வந்திருந்த அருமைநாயகத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கடதாசியில மழையப் பத்தி ஒரு சொல்லும் இல்லையே, ஐயா."

அருமைநாயகம் சிப்பாய் நிற்கும் திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான் விட்டன். அவன் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில எழுதின. மழையெண்டதும் பேனைய நிப்பாட்டிட்டன். ஆனியில மழ எண்டு எழுதினா, மத்ததெல்லாம் உண்மையெண்டாலும் ஆரம்மா நம்புவா? அவன்ட நன்மைக்குத்தான் செஞ்ச. இந்த விசயம் உள்ள தெரிஞ்சா, நாலு மணி வானில நானும்தான் ஏறவேணும்."

"தெரிய வராது," என்றார் அன்னப்பூரணி. "சீனி, வண்டிய எடு. கல்லடிக்கு."

வீரகத்தியின் கராஜ் கல்லடிப் பாலத்துக்கு அப்பால், கடற்கரை வீதியில் இருந்தது. இரும்புக் கதவை அவர்கள் தள்ளியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நாய் பாய்ந்து குரைத்தது. அதனினும் உரத்த குரலில் அதன் எசமானன் குரைத்தான்.

"உள்ள கால் வைச்சா நாயும் கேக்கும், நானும் கேப்பன்! ஆரது?"

"நாய்க்கு முதல் சொல்லிப்போட்டு மறுகா உங்களுக்குச் சொல்லட்டா, போடியார்?" என்று பண்ணையாரை அழைக்கும் சொல்லால் அழைத்துக் கேட்டான் சீனிப்பிள்ளை. "அது கொஞ்சம் பொறுமையானதாத் தெரியுது."

வீரகத்தி கையிலிருந்த துணியை வாளிக்குள் எறிந்தான். வெள்ளை வான் பளபளவென்று கழுவித் துடைக்கப்பட்டு நின்றது. சேறோ புழுதியோ ஒரு பொட்டுக்கூட அதன்மீது எஞ்சியிருக்கவில்லை. கப்டனின் சீட்டை அவன் வாங்கிப் பார்த்தான். கிழித்தெறிய விரும்பிய கை, கையொப்பத்தைக் கண்டு தயங்கிற்று.

"பாருங்க. நல்லாப் பாருங்க. நாலு மணிக்கு உங்கட ஆள இந்த வானிலதான் கொண்டுபோறாங்க. அதுக்காகத்தான் கழுவினன். என்ர சோத்தத் திண்டுபோட்டு என்ர வானில பற்றரி கடத்தின நாய், சுத்தமான சீற்றில இரிந்து போகட்டும்."

"திங்கக்கிழமை வான் திரும்பி வந்த பிறகு ஞானமணியச் சந்திச்சீங்களா?" என்று அன்னப்பூரணி அமைதியாகக் கேட்டார்.

"அவன்ட முகத்திலயும் முழிக்கல்ல. வானக் கொண்டுவந்தது நான். அவன் அப்ப எந்தக் கண்டலுக்குள்ள கிடந்தானோ! செவ்வாய் விடிய விசயத்தக் கேள்விப்பட்டன், கப்டனிட்டச் சொன்னன், அவ்வளவுதான்."

"ரெண்டு நாளா ஒரு வார்த்தையும் கதைக்கல்ல?"

"கதைக்கிறதுக்கு அவன் என்ன எனக்கு மச்சானா?"

சீனிப்பிள்ளை வானின் உள்ளே புகுந்தான். பேருந்தில் தவறவிட்ட பொருள்களை இருபது ஆண்டுகள் குனிந்து தேடிய முதுகு அவனுடையது. வெளிப்புறத்தைக் கழுவியவன் இருக்கைகளின் அடியைக் கவனிக்கவில்லை. பின்னிருக்கையின் கீழே அவன் கைக்கு ஒரு பொருள் தட்டுப்பட்டது: வெறுமையான ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல். மூடி இறுக மூடப்பட்டிருந்தது; ஆயினும் யாரோ வாய் வைத்து உறிஞ்சியதுபோல் அதன் விலா நாற்புறமும் உள்வாங்கி நசிந்திருந்தது.

"இது என்னக்கா, பட்டினி கிடந்த போத்தலா?"

அன்னப்பூரணி அதனை வாங்கி, மூடியை மெல்லத் திருகினார். 'உஸ்' என்ற ஒரு பெருமூச்சு எழுந்தது. நசிந்த விலா படபடவென்று புடைத்துப் பழைய வடிவத்தை அடைந்தது. நாய்கூட ஒரு கணம் குரைப்பதை நிறுத்திற்று.

"ஏழாயிரம் அடி உயரத்தில குடிச்சு முடிச்சு மூடின போத்தல்," என்றார் அவர். "அங்க காத்து மெல்லிசு. அந்தக் காத்த உள்ள வைச்சு மூடிக்கொண்டு கீழ இறங்கினா, நம்மட ஊர்க் காத்து வெளியால நிண்டு நசிச்சுப்போடும். இந்த வான் மலை உச்சிக்குப் போய்த்தான் வந்திரிக்கு."

"அப்ப முடிஞ்சுது!" சீனிப்பிள்ளை துள்ளினான். "ஞானமணி போனது உண்மை! போடியார், உங்கட வானே உங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லிப்போட்டுதே!"

வீரகத்தி சிரித்தான். தொண்டையின் அடியிலிருந்து எழுந்த, ஈரமற்ற சிரிப்பு அது.

"அட மடையா! இந்த வான் மலைக்குப் போகல்ல எண்டு ஆருடா சொன்ன? சென்றியில நம்பர் எழுதியிரிக்கு. போனது போனதுதான். ஓடினது நான். அந்தப் போத்தல்ல தண்ணி குடிச்சதும் நான். தாங்க அத இஞ்ச. கப்டனுக்கு நானே காட்டுறன்."

இருபது ஆண்டுப் பேருந்து வாழ்வில் எத்தனையோ பயணிகள் சீனிப்பிள்ளையை ஏமாற்ற முயன்றதுண்டு. தானே தன் கையால் பயணச்சீட்டைக் கிழித்துக் களவாளியிடம் கொடுத்தது இதுவே முதன்முறை.

அன்னப்பூரணி போத்தலை மறுப்பின்றி வீரகத்தியிடம் நீட்டினார். அவருடைய முகத்தில் தோல்வியின் களைப்பு தெரிந்தது.

"சரி போடியார். நான் ஞானமணிட பக்கம் வந்தவள்தான். ஆனா எனக்கும் பொய் சொல்றவனப் புடிக்காது. அவன் சொல்றான், ஞாயித்துக்கிழமை அந்தப் பூங்காவில மழையும் காத்துமாம். பூங்காவுக்குள்ள போகவே இல்லையாம்."

"மழையா?" வீரகத்தியின் கண்கள் விரிந்தன. "அவன் மழையெண்டா சொன்னான்?" அவன் தொடையில் தட்டினான். "இஞ்ச பாருங்க மனிசி, அவன் மலையக் கண்ணாலயும் காணாதவன் எண்டுறதுக்கு இதவிட வேற என்ன சாட்சி வேணும்? ஆனியில மழ!"

"அதுதான் நானும் யோசிச்சன். நீங்க போனதெண்டா, அண்டைக்கு எப்பிடி இருந்தது எண்டு விபரமாச் சொல்லுங்க. சீனி எழுதட்டும், நீங்க கையெழுத்து வையுங்க. கப்டனிட்டக் குடுத்தா எங்கட வேலையும் முடிஞ்சிரும், நாங்களும் வீட்ட போயிருவம்."

"அக்கா!" என்று சீனிப்பிள்ளை அலறினான்.

"எழுது."

அவன் எழுதினான். பயணச்சீட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகிய சிறிய, சாய்ந்த எழுத்துக்கள் அன்று கல்லைப்போல் கனத்தன. வீரகத்தியோ வானின் முகப்பில் சாய்ந்து நின்று, மேடையில் நிற்பவனைப்போல் குரலை உயர்த்தினான்.

"எழுதடா. ஞாயித்துக்கிழமை விடிய ஏழு மணிக்கு ஹோட்டன் சமவெளிப் பூங்காவுக்குள்ள போனம். வானத்தில ஒரு முகில் இல்ல. மழ இல்ல, பனி இல்ல, விழுந்த மரமும் இல்ல. கச்சான் அங்கயும் நெருப்பாத்தான் அடிச்ச. ரோட்டெல்லாம் தூசி, வான் கண்ணாடிய ரெண்டுதரம் துடைச்சன். உலக முடிவு எண்டுற மலை விளிம்பில நிண்டு பாக்க, தெக்குக் கடல் பளிச்செண்டு தெரிஞ்ச. வெள்ளக்காரர் ரெண்டு பேருக்கும் வெயிலுக்கு முதுகு சிவந்துபோன. வெக்கை தாங்கேலாம நானும் சேட்டக் கழட்டிப்போட்டன். எழுதினியா? சேட்டக் கழட்டினதயும் எழுது."

அவன் வலிந்து கையொப்பமிட்டான்; போதாதென்று வான் சேவையின் முத்திரையையும் அழுத்திக் குத்தினான்.

"மூண்டரைக்கு வானக் கொண்டு வருவன். கப்டன் இதப் படிக்கிறதப் பாக்கவேணும்."

கல்லடிப் பாலத்தின் நடுவே, சோதனைச் சாவடியின் வரிசையில் மோட்டார் சைக்கிள் நின்றபோது, சீனிப்பிள்ளையின் பொறுமை அறுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"அக்கா, உங்களோட ஏழு வருசமா அலையிறன். குடுத்ததத் திண்டன், சொன்னதச் செஞ்சன். இண்டைக்கு ஒரு மனிசன்ட தலைய வெட்ட நீங்க கத்தியத் தீட்டினீங்க. அதப் புடிக்க என்ர கையக் கேட்டீங்க. இலட்சுமிப்பிள்ளைட முகத்த நான் எப்பிடிப் பாக்கிற?"

"ஞானமணி சொன்ன மழைய நீ நம்பினியா, சீனி?"

கேள்வி அவனைக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஏனெனில், நம்பவில்லை. காலையிலிருந்து ஒரு கணமேனும் அவன் ஞானமணியை நம்பவில்லை. நம்பாமலே அவனுக்காக ஓடித்திரிந்திருக்கிறான்.

"அப்ப என்னில கோவிக்காத. வண்டிய எடு."

மூன்றரை மணிக்கு முகாமின் வாயிலில் வெள்ளை வான் வந்து நின்றது. சிப்பாய்கள் வீரகத்திக்குக் கையசைத்தனர். அன்னப்பூரணியின் கைப்பையையோ தலைகீழாகக் கவிழ்த்துச் சோதித்தனர். வாகை மரத்தடியில் நின்ற இலட்சுமிப்பிள்ளை, கணவனை ஏற்றிச் செல்லவிருக்கும் வானைக் கண்டதும் அதன் முன்னால் மண்ணில் அமர்ந்துவிட்டாள். ஒரு சிப்பாய் அவளைத் தோளில் பற்றி இழுத்து அப்பால் விட்டான்.

கப்டனின் அறையில் வெப்பம் காலையைவிட மிகுந்திருந்தது. ஞானமணி மூலையில், கைகள் பின்புறம் கட்டப்பட்டு நின்றிருந்தான். அவனது கீழுதடு வீங்கியிருந்தது. வீரகத்தி அனுமதி கேளாமலே ஒரு நாற்காலியில் அமர்ந்தான்.

அன்னப்பூரணி தாளை நீட்டினார். "இது வீரகத்தியர்ட சொந்த வாக்குமூலம். கையெழுத்தும் முத்திரையும் இரிக்கு. அருமைநாயகம் ஐயா, ஒரு சொல்லும் விடாம வாசியுங்க," என்றார். 'விடாம' என்ற சொல்லை அவர் சற்றே அழுத்தியதை அருமைநாயகம் மட்டும் உணர்ந்திருக்கக் கூடும்.

அருமைநாயகம் வரிவரியாகச் சிங்களத்தில் பெயர்த்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகத்தில் இரக்கம் படர்ந்தது. ஞானமணியின் கதை இத்துடன் முடிந்தது என்பது அவருக்கும் தெளிவாகியிருந்தது. சீனிப்பிள்ளை தன் எழுத்துக்கள் இன்னொரு மொழியில் ஒலிப்பதைக் கேட்கப் பொறாமல், சாளரத்தின் வழியே வெளுத்த வானத்தைப் பார்த்தபடி நின்றான்.

விசிறிக்கொண்டிருந்த கோப்பு நின்றது.

கப்டன் ஒரு கேள்வி கேட்டார். அருமைநாயகம் பெயர்த்தார்: "வெக்கைக்குச் சேட்டக் கழட்டினது உண்மையா எண்டு கேக்கார்."

"ஓம் சேர்! பின்ன? கச்சான் அப்பிடி."

இன்னொரு கேள்வி. "கடல் தெரிஞ்சதா எண்டு கேக்கார்."

"இந்தா, இந்தக் கை மாதிரித் தெளிவாத் தெரிஞ்ச."

கப்டன் சிரித்தார். அவர் சிரித்ததை அந்த முகாமில் அதுவரை எவரும் கண்டதில்லை. கண்டவர்கள் அதனை மீண்டும் காண விரும்பியிருக்கவும் மாட்டார்கள். அவர் எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, வீரகத்தியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, மிக மெதுவாகப் பேசத் தொடங்கினார். அருமைநாயகம் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் தடுமாறினார். கப்டனின் விரல் மேசையைத் தட்டியது. அருமைநாயகம் பெயர்த்தார்.

"கப்டன் சொல்றார்... தன்ட ஊர் அம்பேவளையாம். அந்தப் பூங்காவுக்குப் போற ரோட்டிலதான் வீடாம். ஆனி மாசத்திலதான் அங்க பெரிய மழையாம். நமக்கு நெருப்பா வாற கச்சான் காத்து, அந்த மலையில மழையெல்லாத்தையும் கொட்டிப்போட்டுத்தான் இஞ்சால இறங்குதாம். போன சனிக்கிழமை ராத்திரி அவர்ட அம்மாட மாட்டுக் கொட்டில் கூரையக் காத்துத் தூக்கிக்கொண்டு போன எண்டு டெலிபோன் வந்ததாம். ஞாயித்துக்கிழமை முழுக்க மழையாம். மரம் விழுந்து ரோட்டு மூடியாம். அங்க சட்டையக் கழட்டினவன்... செத்திருப்பானாம்."

வீரகத்தியின் முதுகு நாற்காலியிலிருந்து விலகி நேராகிற்று. தன் கழுத்துக்குப் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"சேர், அது... வருசத்துக்கு வருசம் மாறும்..."

அதை எவரும் மொழிபெயர்க்கவில்லை. ஏனெனில், அருமைநாயகம் அப்போது வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தார். கைகளைக் கூப்பியபடி, கண்களில் நீர் வழிய, சிங்களத்தில், தாமாகவே. ஞானமணியும் மழை என்றே கூறினான். மரம் விழுந்தது என்றும் கூறினான். அதனை எழுதாமல் விட்டவன் நான் என்று அவர் சொல்லியிருக்கவேண்டும். கப்டன் கேட்டுமுடித்தார். கையிலிருந்த கோப்பினை அருமைநாயகத்தின் முகத்தில் வீசினார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. பேனையை எடுத்து, ஞானமணியின் வாக்குமூலத்தின் அடியில் இரண்டு வரிகளைத் தாமே எழுதிச் சேர்த்தார்.

சீனிப்பிள்ளை அன்னப்பூரணியின் பக்கம் சாய்ந்தான்.

"காலையில முணுமுணுத்தாரே. அது..."

"'எங்கட ஊரில இப்ப குளிருக்கு அடுப்படியில படுக்கிற நேரம்' எண்டார்."

"அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சா, அப்பவே சொல்லியிருக்கலாமே! போகவர மூண்டு லீற்றர் வேர்வை எனக்கு."

"மழ பெஞ்சது எண்டு ஞானமணி சொன்னா, அது சாட்சி இல்ல, சீனி. கேள்விப்பட்டுச் சொல்றான் எண்டிருவாங்க. ஐயா எழுதாம விட்டத நான் சொன்னாலும், அவரையும் பிடிச்சு உள்ள போடுவாங்களே தவிர, இவன விடமாட்டாங்க. ஞானமணியோட கதைக்காத வீரகத்திக்கு அந்த மழ தெரியாது; மழ பெய்யல்ல எண்டு அவன் தன்ட கையால எழுதித் தரவேணும். அதுதான் சாட்சி. இந்த ஊரில பிறந்தவன் ஒருத்தன் மலைக்குப் போகாம மலையப் பத்திப் பொய் சொன்னா, இந்த ஊர் வானத்தத்தான் அங்கயும் கொண்டுபோய் விரிப்பான். நீயும் அப்பிடித்தான் நினைச்ச, ஐயாவும் அப்பிடித்தான். பெண்சாதிகூட அப்பிடித்தான்."

நான்கு மணிக்கு, சொன்னபடியே, வெள்ளை வான் புறப்பட்டது. கப்டன் நேரம் தவறுவதை விரும்பாதவர். ஒரு சிப்பாய் அதனை ஓட்டினான். துடைத்துச் சுத்தமாக்கப்பட்ட பின்னிருக்கையில், இரு சிப்பாய்களுக்கு நடுவே, அதன் உரிமையாளன் அமர்ந்திருந்தான். அவனுடைய வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. கண்ணாடிகள் மூடியிருந்தமையால் ஓசை வெளியே வரவில்லை.

ஞானமணியின் கட்டை அவிழ்த்தார்கள். கப்டனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்றே ஒன்று. அதனை அவர் ஞானமணியின் முகத்துக்கு நேரே சொன்னார்.

"போ."

மன்னிப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. வாயிலில் நின்ற சிப்பாய் காலையில் காட்டிய அதே வெறுப்போடு துப்பாக்கிமுனையை அசைத்து வழிகாட்டினான். ஞானமணி வெயிலுக்குள் தடுமாறி நடந்துவந்தான். அன்னப்பூரணி தம் குடையை விரித்து அவனுடைய கையில் கொடுத்தார்.

இலட்சுமிப்பிள்ளை எழுந்து நின்றாள். ஓடிச் செல்லவில்லை. நேற்று அவனிடம் தான் மன்றாடியது அவளுடைய நாவில் முள்ளாக நின்றிருக்கவேண்டும். சேலைத் தலைப்பால் அவனுடைய உதட்டின் குருதியைத் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"மழ பெஞ்சது, புள்ள," என்றான் அவன். குரலில் இன்னும் அதே பிடிவாதம். "சத்தியமாப் பெஞ்சது."

"ஓம்," என்றாள் அவள்.

கச்சான் ஒரு பிடி புழுதியை வாரிக் குடையின்மீது எறிந்தது. இருவரும் அதன் கீழே நெருங்கி நடக்கத் தொடங்கினர். சீனிப்பிள்ளையின் நாவின் நுனியில் ஒரு நகைச்சுவை வந்து நின்றது. அவன் அதனை விழுங்கிவிட்டான். ஏனெனில் அவள் கேட்ட கேள்வி அவன் காதிலும் விழுந்தது.

"எவ்வளவு மழ? சொல்லுங்க."